‘எந்த கார்டு வாங்கலாம்?’ என்பதற்கு முன்

கேமிங் கணினிக்கு ஆலோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் கேட்டு முடித்துவிடுகிறார்கள்: “எழுபதாயிரம் ரூபாய் இருக்கிறது, எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம்?” சென்னை ரிச்சி தெருவில் ஏதேனும் ஒரு கடையில் இப்படிக் கேட்டால், சற்று நேரத்தில் ஒரு துண்டுச் சீட்டில் பிராசசர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி), கேபினட் என்று வரிசையாக எழுதி, அடியில் கூட்டுத்தொகையும் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சீட்டில் தவறு இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஆனால் வீட்டில் இருக்கும் மானிட்டர் எது, ஆடப்போகும் ஆட்டம் எது, கணினியை வைக்கப்போகும் அறையில் மே மாதத்தில் எவ்வளவு சூடு இருக்கும் என்பவற்றை எழுதியவர் கேட்டிருக்க மாட்டார். வாங்கப் போனவரும் சொல்லியிருக்க மாட்டார். எந்த கார்டு என்பதைத் தீர்மானிப்பவை இந்த மூன்றும்தான்.

மானிட்டரிலிருந்து தொடங்குவது தலைகீழான வழியாகத் தோன்றலாம். எனினும், கார்டு செய்ய வேண்டிய வேலையின் அளவை முதலில் வரையறுப்பது திரைதான். 1920 × 1080 என்ற வழக்கமான திரையில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையில் ஒருமுறை தோன்றும் படத்துக்கு, ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. 2560 × 1440 திரையில் அது 36.9 லட்சமாகிறது. 4கே எனப்படும் 3840 × 2160 திரையில் 83 லட்சத்தைத் தொடுகிறது. அதாவது முதல் திரையைப் போலச் சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் நிறமும் ஒளியும் நிழலும் கணக்கிடப்பட வேண்டியிருப்பதால், 1080 திரையில் தாராளமாக ஓடும் கார்டு 4கே திரையில் மூச்சு வாங்குவதில் வியப்பில்லை. ஆகவே “இந்த கார்டு நல்லதா?” என்று கேட்டால், எத்தனை புள்ளிகளுக்கு என்று திருப்பிக் கேட்பதுதான் நேர்மையான பதில்.

புள்ளிகளோடு நேரமும் சேர்ந்துகொள்கிறது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை படத்தை மாற்றுகிறது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 6.9 மில்லி விநாடி, 240 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 4.2 மில்லி விநாடி. கார்டும் பிராசசரும் சேர்ந்து ஒரு ஃபிரேமை அந்த இடைவெளிக்குள் முடித்துக் கொடுத்தால்தான் மானிட்டருக்குக் கொடுத்த பணம் பயன்படும். இதன் மறுபக்கமும் உண்டு. என் அக்கா மகன் ஒருவன், ஆட்டத்தின் மூலையில் 200 எஃப்பிஎஸ் (விநாடிக்கு இத்தனை ஃபிரேம்) என்று எண் காட்டினாலும் படம் வழவழப்பாக நகரவில்லை என்று பல மாதங்கள் குறைப்பட்டுக்கொண்டிருந்தான். புதிய கார்டு போட வேண்டும் என்று நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். பார்த்தபோது அவனுடைய 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், விண்டோஸ் அமைப்பில் 60 ஹெர்ட்ஸிலேயே விடப்பட்டிருந்தது. கார்டு விநாடிக்கு 200 படங்கள் வரைந்துகொண்டிருந்தது. திரை அவற்றில் 60-ஐ மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. காட்சி அமைப்பில் ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டியிருந்த இடத்தில் ஒரு புதிய கார்டின் விலை காத்திருந்தது.

இனி ஃபிரேம் உருவாகும் விதத்தைப் பார்க்கலாம். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எந்தப் பக்கம் போகிறது, கதவு திறந்ததா மூடியதா என்ற கணக்குகளைப் போட்டு, என்ன வரைய வேண்டும் என்ற பட்டியலைத் தயாரிப்பது பிராசசர். அந்தப் பட்டியலை வாங்கிப் படமாக வரைவது கார்டு. சமையற்காரர் எவ்வளவு வேகமாகச் சமைத்தாலும், காய் நறுக்கிக் கொடுப்பவர் தாமதித்தால் பந்தி தாமதமாகும். திரையின் புள்ளிகள் கூடினால் கார்டின் வேலை கூடுகிறது; பிராசசரின் வேலை பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. இதனால்தான் வாலரண்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 போன்ற போட்டி ஆட்டங்களை 1080 திரையில் குறைந்த அமைப்பில் ஆடுபவர்களுக்குப் பிராசசரும் ரேமும் முதலில் தடையாகின்றன. சைபர்பங்க் 2077 போன்ற ஆட்டத்தை ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிடும் அமைப்போடு 4கே திரையில் ஆடுபவர்களுக்குக் கார்டு மட்டுமே தடையாகிறது. இருவரும் ஒரே தொகையை வைத்துக்கொண்டு வந்தாலும் ஒரே சீட்டை எழுதிக் கொடுப்பது பொருந்தாது.

தன் கணினியில் தடை எங்கே இருக்கிறது என்பதைக் காசு செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். ஆட்டத்தின் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, ரெசல்யூஷனை, அதாவது புள்ளிகளின் எண்ணிக்கையை, மட்டும் கணிசமாகக் குறைத்துப் பார்க்க வேண்டும். எஃப்பிஎஸ் நன்றாக உயர்ந்தால் அதுவரை தடுத்துக்கொண்டிருந்தது கார்டு. எண் அசையாமல் நின்றால் கார்டு சும்மாதான் இருந்திருக்கிறது. பிராசசரோ ரேமோதான் பின்தங்கியிருக்கிறது. இரண்டு பாகங்களின் பெயரைக் கொடுத்தால் “பாட்டில்நெக் (தடை) 17 சதவீதம்” என்று சொல்லும் கணக்கிகள் பல உலவுகின்றன. எந்த ஆட்டம், எந்தத் திரை என்று கேட்காமலேயே சொல்லப்படும் அந்தச் சதவீதத்துக்குக் கிளி ஜோசியத்துக்கு உள்ள மதிப்புதான் உண்டு.

பிராசசரைப் பொறுத்தவரை கிகாஹெர்ட்ஸ் எண்ணையும் கோர்கள் எனப்படும் கணக்கிடும் அலகுகளின் எண்ணிக்கையையும் மட்டும் ஒப்பிடுவது பழைய பழக்கம். ஏஎம்டி நிறுவனம் 2022 ஏப்ரலில் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி இதைத் தெளிவாக உடைத்துக் காட்டியது. அதற்கும் முந்தைய 5800எக்ஸ் பிராசசருக்கும் அதே எட்டு கோர்கள். வேகமோ புதியதில் சற்றுக் குறைவு. ஆனால் பழையதில் 32 எம்பியாக இருந்த மூன்றாம் நிலை கேஷ் நினைவகம், சில்லின் மேல் இன்னொரு அடுக்காக ஏற்றப்பட்டுப் புதியதில் 96 எம்பி ஆனது. ஆட்டங்கள் சிதறிக் கிடக்கும் சிறு சிறு தரவுகளை ஓயாமல் தேடுபவை என்பதால், ரேம் வரை போய்வராமல் அருகிலேயே எடுத்துக்கொள்ள முடிந்தபோது பல ஆட்டங்களில் எஃப்பிஎஸ் கணிசமாக உயர்ந்தது. அதே பிராசசரைக் காணொளித் தொகுப்புக்குப் பயன்படுத்துபவருக்கு அந்த லாபம் கிட்டாது.

கார்டுகளின் பெயர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் ஆலோசனை கேட்பவர்கள் மிகுதியாக ஏமாறும் இடம் இதுதான். என்விடியாவின் ஜிடி 1030 கார்டு 2017-இல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்தது. மறு ஆண்டு அதே பெயரில் சாதாரண டிடிஆர்4 நினைவகத்தோடு இன்னொன்று வந்தது. விநாடிக்கு 48 ஜிபியாக இருந்த நினைவக வேகம் 17 ஜிபிக்கும் கீழே இறங்கிவிட்டது. பெட்டியின் மேல் பெயரோ மாறவில்லை. 2022-இல் 8 ஜிபியோடு வந்த ஆர்டிஎக்ஸ் 3050, 2024-இல் 6 ஜிபியோடு மறுபடி வந்தபோது நினைவகம் மட்டும் குறையவில்லை. கணக்கிடும் கோர்கள் 2560-இலிருந்து 2304 ஆயின, நினைவகப் பாதையும் குறுகியது. 6 ஜிபி கார்டு தனி மின்இணைப்புக் கேட்காமல் 70 வாட்டில் ஓடுவதால் பழைய அலுவலகக் கணினிக்கு அது உண்மையிலேயே நல்ல தேர்வு. ஆனால் 3050 தானே என்று 8 ஜிபி கார்டின் சோதனை எண்களைப் பார்த்துவிட்டு அதை வாங்குபவர் வேறொரு பொருளை வாங்குகிறார்.

மடிக்கணினிகளில் இந்தப் பெயர்க் குழப்பம் இன்னும் ஆழமானது. மேசைக் கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4090 கார்டில் 24 ஜிபி நினைவகம். மின்தேவை 450 வாட். அதே எண்ணோடு மடிக்கணினியில் வருவது, மேசைக் கணினியின் 4080 கார்டில் உள்ள சில்லின் குடும்பத்தைச் சேர்ந்தது. நினைவகம் 16 ஜிபி. அதற்கும் கீழே, மடிக்கணினி ஆர்டிஎக்ஸ் 4060-ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் ஓட்டுவது என்பதை மடிக்கணினி செய்யும் நிறுவனம் முடிவு செய்கிறது. ஒரே ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு மடிக்கணினிகள் வெவ்வேறு எஃப்பிஎஸ் கொடுப்பதற்கு இதுவே காரணம். ஆகவே மடிக்கணினி பற்றிக் கேட்பவர் கார்டின் பெயரோடு அதற்கு ஒதுக்கப்பட்ட வாட் அளவையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விளம்பரத்தில் அது இருக்காது. நிறுவனத்தின் விவரப் பட்டியலின் அடிப்பகுதியில் இருக்கும்.

கார்டின் நினைவகம் எவ்வளவு வேண்டும் என்ற விவாதம் 2023-இல் சூடு பிடித்தது. அந்த ஆண்டு கணினிக்கு வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகம் உள்ளிட்ட சில ஆட்டங்கள், உயர் அமைப்பில் 8 ஜிபி கார்டுகளைத் திணறடித்தன. நினைவகம் நிரம்பிவிட்டால் என்ன நடக்கிறது என்பதை எண்களில் பார்த்தால் புரியும். ஆர்டிஎக்ஸ் 4060 தன் நினைவகத்தோடு விநாடிக்கு 272 ஜிபி வேகத்தில் பேசுகிறது. இடம் போதாமல் கணினியின் ரேமிலிருந்து தரவைக் கொண்டுவர நேர்ந்தால், மதர்போர்டு வழியாக அதற்குக் கிடைப்பது ஏறக்குறைய 16 ஜிபி. நெடுஞ்சாலையிலிருந்து திடீரென்று சந்துக்குள் திரும்பியதைப் போல ஆட்டம் அப்போது குலுங்குகிறது. சராசரி எஃப்பிஎஸ் நன்றாகவே தெரிந்தாலும் நடுநடுவே படம் நின்று நின்று போகிறது. இதனால்தான் சோதனை முடிவுகளைப் படிக்கும்போது சராசரியைவிட, மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களைக் குறிக்கும் எண்ணைப் பார்ப்பது நல்லது. 12 ஜிபி கொண்ட பழைய 3060, 8 ஜிபி கொண்ட 4060-ஐவிடப் பெரும்பாலான ஆட்டங்களில் மெதுவானதுதான். ஆனால் நினைவகம் நிரம்பும் ஆட்டங்களில் நிலைமை மாறிவிடுகிறது. 1080 திரையில் போட்டி ஆட்டங்கள் மட்டும் ஆடுபவருக்கு இந்தக் கவலையே வேண்டியதில்லை.

எண்களை வைத்து நடக்கும் விளம்பரத்துக்கு ஒரு சான்றும் போதும். 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் நகரில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் விலையுள்ள ஆர்டிஎக்ஸ் 5070, முந்தைய தலைமுறையின் 4090-க்கு நிகரான திறனைத் தரும் என்று மேடையில் அறிவித்தார். ஒரு ஃபிரேமை உண்மையாக வரைந்து, அதைத் தொடர்ந்து மூன்று ஃபிரேம்கள் வரை ஊகித்து இடைச்செருகும் நுட்பத்தைச் சேர்த்தே அந்த ஒப்பீடு சொல்லப்பட்டது. அந்த நுட்பம் பயனற்றது என்று சொல்வதற்கில்லை. காட்சி வழவழப்பாகத் தெரிவது உண்மைதான். ஆனால் விநாடிக்கு 30 ஃபிரேம்களை வரைந்து 120 ஆகக் காட்டும் கணினியில், சுட்டியை அசைத்ததற்கான பதில் இன்னமும் 30 ஃபிரேமின் வேகத்தில்தான் வரும். கதை ஆட்டங்களில் இது உறுத்தாது. துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் உயிரே போய்விடும், அதாவது ஆட்டத்துக்குள்.

ஏற்கெனவே கணினி வைத்திருந்து ஒரு பாகத்தை மட்டும் மாற்ற நினைப்பவர்களுக்கு மதர்போர்டின் வயது முக்கியம். குறைந்த விலைக் கார்டுகள் பலவற்றில், மதர்போர்டோடு பேசும் பதினாறு பாதைகளில் எட்டு மட்டுமே பயன்படுகின்றன. 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியில் நான்குதான். நான்காம் தலைமுறை இணைப்புள்ள புதிய மதர்போர்டில் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. மூன்றாம் தலைமுறை இணைப்புள்ள பழைய மதர்போர்டில் பாதையின் வேகமும் பாதியாகிவிடுவதால் 6500 எக்ஸ்டி வெகுவாகத் தளர்ந்தது. பழைய கணினிக்கு மலிவான புதிய கார்டு என்ற யோசனை, கேட்க நியாயமாக இருந்தாலும், சில சமயம் பொருந்தாமல் போவது இதனால்தான்.

பிராசசரை மாற்றுவதில் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் (பிராசசர் பொருந்தும் இடம்) உள்ள மதர்போர்டு வாங்கியவர்கள் அதிர்ஷ்டசாலிகள். 2017-இல் முதல் ரைசனுக்காக வந்த மதர்போர்டுகளில் பலவற்றில், பயாஸை (கணினியை முதலில் எழுப்பும், மதர்போர்டிலேயே உள்ள மென்பொருளை) புதுப்பித்தால் 2022-இன் 5800எக்ஸ்3டி வரை பொருத்த முடிந்தது. இன்டெல் சாக்கெட்டுகள் வழக்கமாக இவ்வளவு நாள் நீடிப்பதில்லை. பயாஸ் புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் மதர்போர்டே பயனற்றுப் போகக்கூடும் என்பதால், யுபிஎஸ் இல்லாத வீட்டில் அந்த வேலையைக் கடையில் செய்துகொள்வது உத்தமம். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிப் பிராசசர்களைப் பழையதாக வாங்க நினைப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. அவற்றில் சில, தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கித் தம்மைத் தாமே சிதைத்துக்கொண்டதை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டு, திருத்திய மைக்ரோகோடு (பிராசசரின் உள்கட்டளைத் தொகுப்பு) வெளியிட்டது. வாரண்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அந்தத் திருத்தம் இனி வரும் சேதத்தைத் தடுக்கும். ஏற்கெனவே நேர்ந்ததைச் சரிசெய்யாது.

ரேம் விஷயத்தில் அளவைவிட எண்ணிக்கை முதலில் வருகிறது. 16 ஜிபி ஒரே குச்சியாகப் போட்டால் டிடிஆர்4 3200 ரேம் விநாடிக்கு 25.6 ஜிபி வேகம் தரும். 8 ஜிபி வீதம் இரண்டு குச்சிகளை உரிய துளைகளில் போட்டால் 51.2 ஜிபி. ‘பிறகு இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்’ என்று ஒற்றைக் குச்சியோடு வாங்கப்படும் கணினிகள் பெரும்பாலும் ஒற்றைக் குச்சியோடே ஆயுளைக் கழிக்கின்றன. தனி கார்டு இல்லாமல் பிராசசருக்குள் உள்ள கிராபிக்ஸையே நம்பி ஆடுபவர்களுக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது, ஏனெனில் அங்கே ரேம்தான் கார்டின் நினைவகமும் ஆகும். இரண்டாவதாக, பெட்டியில் 6000 என்று போட்டிருக்கும் டிடிஆர்5 ரேம், வாங்கிச் செருகியவுடன் 4800 போன்ற அடிப்படை வேகத்திலேயே ஓடும். பயாஸுக்குள் போய், இன்டெல் மதர்போர்டில் எக்ஸ்எம்பி, ஏஎம்டியில் எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கினால்தான் காசு கொடுத்த வேகம் கிடைக்கும். 2025-இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதால் ரேம் விலை மளமளவென்று ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், குரூஷியல் என்ற பெயரில் நடத்திவந்த சில்லறை நுகர்வோர் வணிகத்திலிருந்தே விலகப்போவதாக அறிவித்தது. ஆகவே சில மாதங்களுக்கு முந்தைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு யாரும் கணக்குப் போட வேண்டாம்.

எஸ்எஸ்டி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சுழலும் வட்டிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவது பகலும் இரவும் போன்ற மாற்றம். எஸ்எஸ்டியிலேயே வேகமான வகையான என்விஎம்இயில், சாதாரணமானதிலிருந்து விலை உயர்ந்த என்விஎம்இக்கு மாறுவது ஆட்டம் திறக்கும் நேரத்தில் சில விநாடிகள். எஃப்பிஎஸ் அதனால் ஏறாது. அந்தப் பணத்தை எஸ்எம்பிஎஸ் பக்கம் திருப்பலாம்.

எஸ்எம்பிஎஸ்தான் துண்டுச் சீட்டில் கடைசியாக எழுதப்பட்டு, பேரத்தில் முதலில் வெட்டப்படும் பாகம். கேபினட்டோடு இலவசமாகவே வந்துவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. மேலே “450 வாட்” என்று ஒட்டப்பட்ட மலிவான பெட்டிகளில், பிராசசருக்கும் கார்டுக்கும் தேவைப்படும் 12 வோல்ட் கம்பியில் எத்தனை ஆம்பியர் வருகிறது என்று பக்கவாட்டு அட்டையைப் படித்தால் உண்மை தெரியும்: 12-ஆல் பெருக்கினால் கிடைப்பதே அந்தக் கணினிக்கு நிஜமாகக் கிடைக்கும் வாட். 80 பிளஸ் முத்திரை இருந்தால் நல்ல எஸ்எம்பிஎஸ் என்று நினைப்பதும் பாதி உண்மைதான். 2004-இல் தொடங்கிய அந்தத் திட்டம் அளப்பது, சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் பயன்படுகிறது என்பதை மட்டுமே. மின்னழுத்தம் ஏறி இறங்கும்போதும் குறுக்குச்சுற்று நேரும்போதும் பாதுகாப்புச் சுற்றுகள் சரியாக வேலை செய்கின்றனவா என்பதை அது சொல்லாது. நீண்ட வாரண்டி, பிரித்துப் பார்த்துச் சோதித்தவர்களின் அறிக்கை ஆகிய இரண்டும் முத்திரையின் நிறத்தைவிட நம்பத் தகுந்தவை. மிகப் பெரிய கார்டுகளுக்கு இணைப்பானே ஒரு கேள்வியாகிவிட்டது: 2022 அக்டோபரில் வெளிவந்த 450 வாட் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் சிலவற்றின் புதிய மின்இணைப்பான் உருகியது, இணைப்பான் முழுமையாக உள்ளே அழுத்தப்படாதது அதற்கு ஒரு காரணமாகக் கண்டறியப்பட்டது.

நம் ஊரில் எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பின்னால் யுபிஎஸ் நிற்கிறது. வெளிநாட்டு ஆலோசனைகளில் இதைப் பற்றிப் பேச்சே இருக்காது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 170 வாட், நடுத்தரப் பிராசசருக்கு எழுபதைச் சுற்றி, மற்றவற்றுக்கு அறுபது என்று வைத்தால் 300 வாட். எஸ்எம்பிஎஸ்ஸின் பயனுறுதிறன் 85 சதவீதம் என்றால் சுவரிலிருந்து இழுபடுவது 353 வாட். மானிட்டருக்கு ஒரு முப்பது சேர்த்தால் 380-ஐத் தாண்டும். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் கொடுக்கக்கூடியது பொதுவாக 360 வாட்தான். விஏ வேறு, வாட் வேறு என்பது தெரியாமல் வாங்கியவர்களின் கணினி, இணையத்தில் உலாவும்போது மின்வெட்டைத் தாங்கும். ஆட்டத்தின் நடுவில் மின்சாரம் போனால் யுபிஎஸ்ஸும் சேர்ந்தே அணைந்துவிடும். மலிவான யுபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது வெளியிடும் படிக்கட்டு வடிவ மின்னலையைச் சில நவீன எஸ்எம்பிஎஸ்கள் ஏற்றுக்கொள்ளாமல் நின்றுவிடுவதும் உண்டு. கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது என்ற புகார் பெரும்பாலும் கணினியின் குறையன்று, எர்த் இணைப்பு இல்லாத பிளக் பாயிண்டின் குறை. அதற்கு எலக்ட்ரீஷியனை அழைப்பதே முதல் அப்கிரேட்.

சூடும் அவ்வாறே. சோதனைக்கூடங்களில் கார்டுகளை அளப்பது பெரும்பாலும் இருபதைச் சற்றே தாண்டிய வெப்பநிலை கொண்ட அறைகளில். விசிறி ஒரே வேகத்தில் சுழன்றால், அறையின் சூடு எத்தனை டிகிரி ஏறுகிறதோ ஏறக்குறைய அத்தனை டிகிரி பாகங்களின் சூடும் ஏறும். 22 டிகிரி அறையில் 75-இல் நின்ற கார்டு, குளிர்சாதனம் இல்லாத 38 டிகிரி அறையில் 91-ஐ நோக்கிப் போக வேண்டும். அதை விடாமல் தடுக்க விசிறியை அலறவிட்டு, பிறகு தன் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். வேலூரிலோ திருச்சியிலோ மே மாதத்தில் அறை 38-க்கும் மேலே போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எனவே முகப்பு முழுதும் கண்ணாடியால் மூடி, உள்ளே வண்ண விளக்குகள் மின்னும் கேபினட் இங்கே பொருந்தாது. முகப்பில் வலையுள்ள, முன்னாலிருந்து காற்று புகுந்து பின்னால் வெளியேறும் கேபினட், அதில் தூசி வடிகட்டி, அதை மாதம் ஒருமுறை கழற்றி உதறும் பழக்கம் ஆகியவை விலை கூடிய குளிர்விப்பானைவிட அதிகம் உதவும். கணினியை மேசைக்கு அடியில் மரப்பெட்டி போன்ற அறைக்குள் தள்ளி வைக்கும் தச்சு வேலையை நான் எப்போதும் எதிர்த்தே வந்திருக்கிறேன்.

பழைய கார்டுகளின் சந்தை தனி உலகம். எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கார்டுகளை வைத்துத் தோண்டும் முறை 2022 செப்டம்பர் 15 அன்று முடிவுக்கு வந்தபோது, இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் உலகெங்கும் விற்பனைக்குக் கொட்டப்பட்டன. அவற்றின் சில்லு கெட்டிருக்கும் என்பது பொதுவான அச்சம். உண்மையில் முதலில் தேய்வது விசிறியின் பேரிங்கும், நினைவகத்தின் மேல் ஒட்டிய வெப்பப் பட்டையும்தான். வாங்குவதற்கு முன் விற்பவரின் இடத்திலேயே அரை மணி நேரம் கனமான ஆட்டம் ஒன்றை ஓடவிட்டு, சூட்டையும் சத்தத்தையும் திரையில் புள்ளிகள் தெறிக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். அதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்காமல் திரும்பிவிடலாம்.

கணினி வீட்டுக்கு வந்தபின் செய்யும் அமைப்புப் பிழைகள் பாகங்களின் குறைகளைவிடப் பரவலானவை. மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகுவது அவற்றுள் பழம்பெரும் பிழை. ஐ5 12400எஃப் போல எஃப் எழுத்தில் முடியும் இன்டெல் பிராசசரில் உள்கிராபிக்ஸ் இல்லாததால் திரை கறுத்து, தவறு உடனே வெளிப்பட்டுவிடும். உள்கிராபிக்ஸ் உள்ள பிராசசரில் படம் வந்துவிடுவதால், வாங்கிய கார்டு சும்மா கிடக்க, ஆட்டம் ஊர்ந்துகொண்டிருக்கும். சில மானிட்டர்களில் எச்டிஎம்ஐ வழியாக முழு ஹெர்ட்ஸ் கிடைக்காது. டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் தேவைப்படும். அண்மை ஆண்டுகளில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 11-இல் வாலரண்ட் ஆடுவதற்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் பயாஸில் இயக்கப்பட்டிருக்க வேண்டும். 2025-இல் வந்த பேட்டில்ஃபீல்டு 6-உம் செக்யூர் பூட் கேட்கிறது. பழைய முறையில் விண்டோஸ் நிறுவிய கணினியில் அவசரப்பட்டு அதை இயக்கினால் கணினி எழும்பாமலே போகலாம் என்பதால், வட்டின் அமைப்பை முதலில் மாற்றிக்கொண்டு பிறகு பயாஸைத் தொடுவதே முறை.

பிங் (ஆட்டத்தின் சர்வர் வரை தகவல் போய்வர ஆகும் நேரம்) பிரச்சினைக்கு கார்டு கேட்பவர்களும் இருக்கிறார்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடலடிக் கேபிளின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். போய்வர மட்டுமே 32 மில்லி விநாடி ஆகும். அதற்குக் கீழே எந்தக் கணினியாலும் இறக்க முடியாது. மும்பையில் சர்வர் உள்ள ஆட்டத்தில் அந்தச் சர்வரைத் தேர்ந்தெடுப்பதும், வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிள் இழுப்பதும் சில நூறு ரூபாய்க்குள் முடியும் வேலை.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு கேள்வியை மாற்றி எழுதினால் அது இப்படி இருக்கும்: “1080 திரை, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் இருக்கிறது, பெரும்பாலும் வாலரண்ட், எப்போதாவது கதை ஆட்டம், குளிர்சாதனம் இல்லாத மாடி அறை, 600 விஏ யுபிஎஸ், அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு மாற்றும் எண்ணம் இல்லை.” இதைப் படிக்கும் எவரும் கார்டுக்குப் போகும் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து மற்றவற்றுக்குக் கொடுக்கச் சொல்வார்கள். கடைக்குப் போகும்போது ஒன்று மட்டும் கூடுதலாகக் கேட்டு வாங்க வேண்டும்: ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் எழுதிய ஜிஎஸ்டி பில். பில் வேண்டாம் என்றால் 18 சதவீதம் குறையும் என்று சொல்லப்படும்; இரண்டு ஆண்டு கழித்துக் கார்டு படுத்துவிட்டால், வாரண்டி கேட்டு நிற்கும்போது அந்தச் சேமிப்பு கைகொடுக்காது.

அக்கா மகன் இந்த வரிசையில் ஒரு சீட்டு எழுதிக் கொண்டுவந்தான். மானிட்டரை 144-இல் வைத்தாயிற்று, ஒற்றையாக இருந்த ரேமுக்கு ஜோடியாக அதே வேகத்தில் இன்னொரு குச்சி வாங்கியாயிற்று, எக்ஸ்எம்பியை இயக்கியாயிற்று. புதிய கார்டுக்கென்று சேர்த்து வைத்திருந்த தொகையில் 1000 விஏ யுபிஎஸ் ஒன்று வந்தது. மீதியில் அக்கா அந்த அறைக்கு எர்த் கம்பி இழுத்து, ஜன்னலுக்கு ஒரு எக்ஸாஸ்ட் விசிறியும் போட்டுவிட்டாள்.